அப்பாவின் காலை டோனட்டும் ஆரோக்கியம் என்று நம்பிச் சேர்த்த ஆறு பொருள்களும்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 66, எடை 60 கிலோ. சிறுநீரகப் பாதிப்பு நான்காம் நிலை (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தைச் சொல்லும் இஜிஎஃப்ஆர் எண் 24) என்கிறார்கள். டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை. சர்க்கரை நோய் கிடையாது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். காலையில் பட்டை வாசனையோடு டோனட் சாப்பிடுவது அவருடைய பல வருடப் பழக்கம். எண்ணெயில் பொரித்தது வேண்டாமே என்று நானே 'அவன்' அடுப்பில் சுட ஆரம்பித்தேன். மைதாவுக்குப் பதில் முழு கோதுமை மாவு 2 கப், வெண்ணெய்க்குப் பதில் 2 வாழைப்பழம், சர்க்கரைக்குப் பதில் அரை கப் உலர் திராட்சை, 1 கப் பால், 2 முட்டை, சோடியம் குறைந்த பேக்கிங் பவுடர் 3 டீஸ்பூன், உப்புக்குப் பதில் கால் டீஸ்பூன் 'சோடியம் இல்லாத உப்பு'. இதில் 12 டோனட் வரும். தினமும் 2 சாப்பிடுவார். போன மாதப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.6, பாஸ்பரஸ் 4.9 என்று வந்திருக்கிறது. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் ஏன் இப்படி? டோனட்டையே நிறுத்திவிட வேண்டுமா? இன்னொன்று: டோனட்டைக் காபியில் தோய்த்துத்தான் சாப்பிடுவார். பால் அதிகம் கூடாது என்று காபிக்குக் கிரீமர் பவுடர் போடுகிறேன். அது சரிதானே?

பதில்: டோனட்டை நிறுத்த வேண்டாம். செய்முறையை மாற்றினால் போதும். ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். அந்த 'சோடியம் இல்லாத உப்பு' டப்பாவை எடுத்துச் சமையலறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். டோனட்டில் மட்டுமல்ல, அப்பா சாப்பிடும் எந்தச் சமையலிலும் அது இனி வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

5.6 என்ற எண்ணை உங்கள் டாக்டர் ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறேன். பார்க்கவில்லை என்றால் இன்றே பேசுங்கள். பொட்டாசியம் பொதுவாக 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும். அதற்கு மேல் ஏற ஏற இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும். கை கால் தளர்ந்துபோவது, நெஞ்சு படபடப்பது, மயக்கம் வருவது போல் இருப்பது என்று எது வந்தாலும் உணவைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

பழி முழுவதையும் டோனட் மீது போடவும் எனக்கு மனமில்லை. ரத்த அழுத்த மாத்திரைகளில் சில வகை பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்க வைக்கும். 'பிரில்' என்றோ 'சார்ட்டன்' என்றோ முடியும் பெயருள்ளவை, ஸ்பைரோனோலாக்டோன் எல்லாம் அப்படிப்பட்டவை. அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அவற்றில் பல சிறுநீரகத்தைக் காப்பாற்றக் கொடுப்பவை. ரத்தத்தில் அமிலத்தன்மை கூடினாலும் பொட்டாசியம் ஏறும், நாள்பட்ட மலச்சிக்கலிலும் ஏறும். ரத்தம் எடுத்த குழாயில் செல்கள் உடைந்திருந்தால் எண் பொய்யாகவே கூடுதலாகக் காட்டும். இவற்றையெல்லாம் டாக்டர் பார்ப்பார். நான் பார்க்க வேண்டியது தட்டில் இருப்பதை.

தட்டில் இருப்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் எழுதிய 12 டோனட் மாவில் மொத்தம் சுமார் 4,900 மி.கி. பொட்டாசியம் இருக்கிறது. ஒரு டோனட்டுக்கு 400-க்கு மேல். இரண்டு சாப்பிட்டால் 800-ஐத் தாண்டுகிறது. பொட்டாசியம் ஏறிய ஒருவருக்கு நாள் முழுவதற்கும் சேர்த்தே 2,000 முதல் 3,000 மி.கி.க்குள் நிற்கச் சொல்வது வழக்கம். அப்பா காலை ஒன்பது மணிக்குள் அதில் மூன்றில் ஒரு பங்கை முடித்துவிடுகிறார்.

வாழைப்பழத்தைத்தான் முதலில் சொல்லப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். இரண்டு பழத்தில் சுமார் 840 மி.கி. வருகிறது, உண்மைதான். திராட்சையில் 550, முழு கோதுமையில் 870, பாலில் 350, முட்டையில் 140. ஆனால் இந்தக் கூட்டத்தில் பெரிய ஆள் வேறு ஒருவர். நீங்கள் சோடியம் குறைவு என்று தேடிப்பிடித்து வாங்கிய பேக்கிங் பவுடர்தான் அது. சாதாரண பேக்கிங் பவுடரில் சோடியம் பைகார்பனேட் இருக்கும். சோடியத்தைக் குறைக்க வேண்டும் என்றால் அதை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் பைகார்பனேட்டை வைக்க வேண்டும். அப்படித்தான் செய்கிறார்கள். தயாரிப்புக்குத் தயாரிப்பு அளவு மாறும், ஆனால் உணவு அட்டவணைகள் தரும் கணக்கில் ஒரு டீஸ்பூனில் சுமார் 500 மி.கி. பொட்டாசியமும் 340 மி.கி. பாஸ்பரஸும் உண்டு. நீங்கள் போட்டது 3 டீஸ்பூன். அதாவது 1,500 மி.கி. பொட்டாசியம். மூன்றரை வாழைப்பழத்தைத் தூளாக்கிக் கலந்த மாதிரி.

உப்பு மாற்றும் இதே கதைதான். சோடியம் குளோரைடுக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு. கால் டீஸ்பூனில் 600 மி.கி.க்கு மேல். சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும் ரத்த அழுத்தக்காரருக்கு இது நல்ல பொருளாகக்கூட இருக்கலாம். அதனால்தான் பெட்டியின் மீது இதயப் படம் போட்டு விற்கிறார்கள். உங்கள் அப்பாவின் சிறுநீரகத்தால் அந்தப் பொட்டாசியத்தை வேகமாக வெளியேற்ற முடியாது.

இப்போது பாஸ்பரஸ். உங்கள் மாவில் மொத்தம் சுமார் 2,400 மி.கி. இங்கே எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். முழு கோதுமையில் இருக்கும் 850 மி.கி.யில் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற பிடிக்குள் இருக்கிறது. அதை அவிழ்க்கும் நொதி நம் குடலில் போதிய அளவு இல்லை. அதனால் பாதிக்கும் குறைவாகத்தான் உடம்பில் சேரும். முட்டை, பால் ஆகியவற்றிலிருந்து பாதியளவோ சற்றுக் கூடுதலாகவோ சேரும். பேக்கிங் பவுடரில் உள்ள 1,000 மி.கி. ரசாயன பாஸ்பேட், அது ஏறக்குறைய முழுவதுமாக, 90 சதவீதத்துக்கு மேல், ரத்தத்துக்குப் போய்விடும். அமெரிக்க தேசிய சிறுநீரக அறக்கட்டளை 2020-ல் புதுப்பித்த உணவு வழிகாட்டுதலும் பாஸ்பரஸைக் குறைக்கும்போது அது தாவரத்திலிருந்தா, விலங்கிலிருந்தா, சேர்மானத்திலிருந்தா என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. பழைய பட்டியல்கள் முழு தானியங்களை மொத்தமாக விலக்கி வைத்தன. நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் நானும் அப்படித்தான் அச்சடித்த தாளைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது முதலில் புளிக்க வைக்கும், உப்ப வைக்கும் பொருளைத்தான் கேட்கிறேன், மாவை அப்புறம்.

அப்படியானால் சாதாரண பேக்கிங் பவுடருக்குத் திரும்பலாமா என்று கேட்பீர்கள். அதிலும் சிக்கல் உண்டு. ஒரு டீஸ்பூனில் கிட்டத்தட்ட 350 முதல் 500 மி.கி. வரை சோடியம், பாஸ்பரஸ் வகையைப் பொறுத்து 100 முதல் 450 வரை. சிலவற்றில் சோடியம் அலுமினியம் பாஸ்பேட் இருக்கும். தளர்ந்த சிறுநீரகத்தால் அலுமினியத்தையும் சரியாக வெளியேற்ற முடியாது, அதைத் தினமும் ஊட்டுவானேன்? பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்து 'செல்ஃப் ரைசிங்' என்று வரும் மாவு இன்னும் மோசம். 100 கிராமில் ஏறக்குறைய 1,200 மி.கி. சோடியமும் 600 மி.கி. பாஸ்பரஸும் இருக்கும். வெறும் மைதாவில் சோடியம் கிட்டத்தட்ட இல்லை, பாஸ்பரஸ் சுமார் 110 மி.கி.தான்.

கிரீம் ஆஃப் டார்ட்டர் வாங்கி வீட்டிலேயே பேக்கிங் பவுடர் கலந்துகொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அதையும் கேட்காதீர்கள். அது பொட்டாசியம் டார்ட்டரேட். ஒரு டீஸ்பூனில் சுமார் 500 மி.கி. பொட்டாசியம்.

மிச்சம் இருப்பது சமையல் சோடாவும் புளிப்பும். ஒரு டீஸ்பூன் சோடாவில் 1,260 மி.கி. சோடியம் என்று படித்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் 12 டோனட்டுக்கு அரை டீஸ்பூன் போதும். ஒரு டோனட்டுக்கு 50 மி.கி. சோடியம்தான் வரும், பாஸ்பரஸும் பொட்டாசியமும் சுத்தமாகக் கிடையாது. நாளைக்கு 2,000 மி.கி. சோடியத்துக்குள் இருக்க வேண்டிய ஒருவருக்கு இது தாங்கும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த அரை டீஸ்பூன் சோடா முழுவதும் வேலை செய்ய 2 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறோ சாதாரண வினிகரோ வேண்டும். ஒரு டேபிள்ஸ்பூன் போட்டால் பாதி சோடா அப்படியே தங்கிவிடும். முதல் தடவை நான் எலுமிச்சையில் கஞ்சத்தனம் செய்தேன். வந்தது டோனட் அல்ல, பட்டை வாசனை போட்ட துணி சோப்பு. இன்னொரு விஷயம், பேக்கிங் பவுடர் அவன் சூட்டில் இரண்டாவது முறை பொங்கும். சோடாவும் புளிப்பும் சேர்ந்த கணமே நுரைத்து அடங்கிவிடும். எனவே அவன் சூடாகி, தட்டு தயாரான பிறகுதான் இரண்டையும் சேர்க்க வேண்டும். கலந்துவிட்டுப் போன் பேசப் போய்விட்டால் தட்டையாக வரும்.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். இதுவும் 12 டோனட்டுக்குத்தான்.

முதலில் வாசனைப் பொருள்கள். கால் கப் வாசனையில்லாத சமையல் எண்ணெயை மிதமாகச் சூடாக்கி அடுப்பை அணைத்துவிட்டு, ஒன்றரை டீஸ்பூன் பட்டைத் தூள், அரை டீஸ்பூன் ஏலக்காய்த் தூள், அரை டீஸ்பூன் சுக்குத் தூள், கால் டீஸ்பூன் துருவிய ஜாதிக்காய், ஒரு சிட்டிகை கிராம்புத் தூள் ஆகியவற்றை அந்த எண்ணெயில் போட்டு ஆற விடுங்கள். இவற்றின் வாசனை எண்ணெயில்தான் நன்றாக இறங்கும். உப்பே இல்லாத மாவு சப்பென்று இருக்கும் என்ற குறை இங்கேதான் தீர்கிறது. இதையெல்லாம் போட்டால் பொட்டாசியம் ஏறாதா என்று பலர் கேட்கிறார்கள். ஒரு டீஸ்பூன் பட்டைத் தூளில் 11 மி.கி., ஏலக்காயில், சுக்கில், கிராம்பில் இருபதுக்குச் சற்று மேல். பன்னிரண்டாகப் பங்கு போட்டால் சொல்லும்படி ஒன்றுமில்லை. கடையில் வாங்கும் கலவைத் தூளாக இருந்தால் மட்டும் உப்பு சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். ஜாதிக்காயில் கை தாராளம் வேண்டாம், டீஸ்பூன் கணக்கில் போனால் அது நஞ்சு. அப்பா வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எடுப்பவர் என்றால் தினசரிப் பட்டையைப் பற்றி டாக்டர் காதில் போட்டு வையுங்கள். பரவலாக விற்கும் கேசியா வகைப் பட்டையில் கூமரின் என்ற பொருள் இருக்கிறது.

அடுத்து ஆப்பிள் கூழ். இதுதான் வாழைப்பழத்தின் இடத்தைப் பிடிக்கப் போகிறது. ஆப்பிளைத் தோல் சீவிக் கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து மசித்தால் போதும், சர்க்கரை வேண்டாம். அரை கப் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 90 மி.கி. பொட்டாசியம்தான். பூசணி மசியல் போட்டுச் செய்யும் டோனட்டும் பிரபலம், ஆனால் அரை கப்பிலேயே 250 மி.கி. வந்துவிடும். எண் இறங்கிய பிறகு ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

முட்டையில் ஒன்று முழுதாக, இரண்டில் வெள்ளைக்கரு மட்டும். ஒரு முழு முட்டையில் 100 மி.கி. பாஸ்பரஸ் இருந்தால் வெள்ளையில் 5 மி.கி.தான், மீதி எல்லாம் மஞ்சளில். வெள்ளை இரண்டையும் தனியாக மென்மையான நுரை நிற்கும் வரை அடித்து வையுங்கள். சோடாவைக் குறைத்திருக்கிறோம் அல்லவா, உப்ப வைக்கும் வேலையில் பாதியை இந்த நுரை செய்யும்.

மைதா 2 கப் (250 கிராம்), சர்க்கரை அரை கப் (100 கிராம்), சமையல் சோடா அரை டீஸ்பூன். மூன்றையும் சலித்துக் கலந்துகொள்ளுங்கள். வேறொரு கிண்ணத்தில் வாசனை எண்ணெய், ஆப்பிள் கூழ், முழு முட்டை, கால் கப் தண்ணீர், ஒரு டீஸ்பூன் வனிலா, எலுமிச்சைத் தோலின் மஞ்சள் பகுதியை மட்டும் துருவியது. அவனை 180 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, டோனட் தட்டின் குழிகளில் எண்ணெய் தடவி வைத்த பிறகு, 2 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாற்றை ஈரக் கலவையில் ஊற்றி, அதை உடனே மாவில் சேர்த்துக் கரண்டியால் பத்துப் பதினைந்து சுற்று சுற்றுங்கள். அங்கங்கே மாவு தெரிந்தால் பரவாயில்லை. அதிகம் கலக்கினால் மைதாவின் பசை இறுகி ரப்பராகிவிடும். கடைசியாக வெள்ளைக்கரு நுரையை மெதுவாக மடித்துச் சேருங்கள். மாவு கரண்டியிலிருந்து தயங்கித் தயங்கி விழ வேண்டும். மிகவும் இறுகியிருந்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர். குழிகளில் முக்கால் அளவு நிரப்பி 11 முதல் 13 நிமிடம் சுடுங்கள். விரலால் அழுத்தினால் எழும்பி வர வேண்டும்.

டோனட் தட்டு இல்லையென்றால் மஃபின் தட்டு போதும். நடுவே ஓட்டை வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்தால் அலுமினியத் தாளைச் சுருட்டி நடுவில் நிறுத்துங்கள்.

இதில் ஒரு டோனட்டுக்கு வருவது சுமார் 160 கலோரி, புரதம் 3.3 கிராம், சோடியம் 70 மி.கி., பொட்டாசியம் 50 மி.கி., பாஸ்பரஸ் 33 மி.கி. அப்பா வழக்கம்போல இரண்டு சாப்பிட்டாலும் பொட்டாசியம் 100-ஐச் சுற்றித்தான் நிற்கும். முன்பு 800.

மைதாவா, சர்க்கரையா, எண்ணெயா என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. மற்றவர்களுக்கு நானே இந்த மூன்றையும் குறைக்கச் சொல்பவள்தான். ஆனால் அப்பாவின் நிலை வேறு. 2024-ல் வந்த சர்வதேச சிறுநீரக வழிகாட்டுதலான கேடிகோ, டயாலிசிஸுக்கு முந்தைய நிலையில் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் என்கிறது. 60 கிலோவுக்கு 48 கிராம். புரதத்தை இப்படி அளந்து கொடுக்கும்போது கலோரியும் சேர்ந்து குறைந்தால் உடம்பு தன் தசையையே எரித்துக்கொள்ளும். நாளுக்கு 1,500 முதல் 2,100 கலோரி வரை அவருக்கு எங்கிருந்தாவது வர வேண்டும். புரதமும் தாதுவும் குறைவாக, கலோரி மட்டும் தருபவை எவை என்று பார்த்தால் எண்ணெயும் சர்க்கரையும் வெள்ளை மாவும்தான் வந்து நிற்கின்றன. என்னிடம் வருபவர்களில் எடை குறைந்துபோன சிலரைப் பார்த்தால் மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். வீட்டில் பயந்து பயந்து ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் அவர்களுக்குச் சாப்பிட ஒன்றும் மிஞ்சியிருக்காது. அப்பாவின் எடையை வாரம் ஒரு நாள் பார்த்துக் குறித்து வையுங்கள்.

பொட்டாசியம் 5-க்குக் கீழே இறங்கி நிலைத்தால், மைதாவில் அரை கப்பை எடுத்துவிட்டு முழு கோதுமை அரை கப் சேர்க்கலாம். டோனட் ஒன்றுக்குப் பொட்டாசியம் சுமார் 13 மி.கி. கூடும், நார்ச்சத்து கிடைக்கும், மலச்சிக்கலும் குறையும். எனக்கு முழு கோதுமை மீது கோபம் எதுவும் இல்லை. பொட்டாசியம் சரியாகவே இருக்கும் சிறுநீரக நோயாளிக்கு வாழைப்பழத்தைக்கூட நான் தடுப்பதில்லை. சிறுநீரக உணவு என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரே பட்டியல் கிடையாது. ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இதைப் படிக்கும் மற்ற வீட்டினருக்கும் இரண்டு வார்த்தை. உங்கள் வீட்டில் இருப்பவருக்குச் சர்க்கரை நோயும் இருந்தால், இந்த டோனட் ஒன்றில் சுமார் 25 கிராம் மாவுச்சத்து இருப்பதைக் கணக்கில் வையுங்கள். சர்க்கரையைக் கால் கப்பாகக் குறைத்தாலும் டோனட் நன்றாகவே வரும், ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். டயாலிசிஸ் நடப்பவர் என்றால் நிலைமை தலைகீழ். அவருக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். டோனட் மட்டும் சாப்பிட்டு எழுந்துவிடக் கூடாது, கூடவே இரண்டு மூன்று முட்டை வெள்ளைக்கரு வேண்டும். பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அதைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். காலை டோனட்டும் சாப்பாடுதான், டாக்டர் காலை வேளைக்குச் சொல்லியிருந்தால் "இது வெறும் பலகாரம்தானே" என்று விட்டுவிடாதீர்கள்.

சமையல் சோடா சிறுநீரகத்துக்கு நல்லது என்று கேள்விப்பட்டுத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பவர்களும் உண்டு. ரத்தத்தில் அமிலம் கூடிய சிலருக்கு டாக்டர்கள் சோடியம் பைகார்பனேட் மாத்திரை கொடுப்பது உண்மை. அது ரத்தத்தைச் சோதித்துவிட்டு அளவோடு கொடுப்பது. டோனட்டில் போடும் அரை டீஸ்பூனை வைத்து யாரும் வைத்தியம் ஆரம்பிக்க வேண்டாம்.

மேலே தூவ 2 டேபிள்ஸ்பூன் சர்க்கரையில் அரை டீஸ்பூன் பட்டைத் தூள் கலந்துகொள்ளலாம். சூடாக இருக்கும்போதே புரட்டினால் ஒட்டும். பொடித்த சர்க்கரையில் எலுமிச்சைச் சாறு விட்டுக் குழைத்துப் பூசினாலும் நன்றாக இருக்கும். சாக்லேட், கோகோ, கொட்டைப் பருப்புகள் இப்போதைக்கு வேண்டாம், பொட்டாசியம் பாஸ்பரஸ் இரண்டிலும் அவை கனமானவை. மொலாசஸும் (சர்க்கரை எடுத்த பின் மிஞ்சும் கரும்புப் பாகு) அப்படியே, ஒரு டேபிள்ஸ்பூனில் 300 மி.கி. பொட்டாசியம்.

பன்னிரண்டையும் ஒரே நேரத்தில் சுட்டு, ஆறியதும் இரண்டிரண்டாகச் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். காலையில் எடுத்து அவனில் ஐந்து நிமிடம். சர்க்கரையை அப்போது தூவிக்கொள்ளுங்கள், முன்பே தூவினால் கசிந்துவிடும்.

சோடாவின் வாசனையே பிடிக்கவில்லை என்றால் ஈஸ்ட் இருக்கிறது. 7 கிராம் உலர் ஈஸ்ட்டில் சோடியம் பெயருக்குத்தான், பொட்டாசியம் 67 மி.கி., பாஸ்பரஸ் 45 மி.கி. மாவை இரவே பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்துக் காலையில் உருட்டிச் சுடலாம். சோடியம் இதைவிடக் குறைவாக எந்த முறையிலும் வராது. என் கைக்கு இந்த முறை பாதி நாள் சரியாக வருவதில்லை என்பதால் விவரமாக எழுதவில்லை. ரொட்டி சுட்டுப் பழகியவர் நீங்கள் என்றால் தாராளமாக முயலுங்கள்.

காபி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கப் கறுப்புக் காபியில் 115 மி.கி. அளவுக்குப் பொட்டாசியம் இருக்கும். காலையில் ஒரு கப் என்றால் அனுமதிப்பேன். கிரீமர் பவுடர்தான் இடிக்கிறது. பாஸ்பரஸின் அளவைப் பெரும்பாலான ஊட்டச்சத்து அட்டவணைகளில் போடமாட்டார்கள். அதனால் சேர்மானப் பட்டியலில் 'பாஸ்பேட்' என்று முடியும் சொல்லைத் தேட வேண்டும். எண்ணாகப் போட்டிருந்தால் இ 338 முதல் 343 வரை, இ 450, 451, 452, இ 541 எல்லாம் பாஸ்பேட்டுகள். இ 508 உங்கள் பழைய நண்பர் பொட்டாசியம் குளோரைடு. பல கிரீமர்களில் கட்டி தட்டாமல் காபியில் கரைவதற்காக இ 340 சேர்ப்பார்கள். அது பொட்டாசியம் பாஸ்பேட். அப்பாவின் ரிப்போர்ட்டில் ஏறியிருக்கும் இரண்டும் ஒரே பொருளில். உங்கள் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். அந்த எண் இருந்தால், கிரீமரை விட்டுவிட்டு 2 டேபிள்ஸ்பூன் சாதாரணப் பாலை விடுங்கள். அதில் பொட்டாசியம் 45 மி.கி.க்குள், பாஸ்பரஸ் 30 மி.கி.க்குள். அப்பாவுக்கும் காபி மாதிரி இருக்கும்.